ஸ்பேசருக்குள் மறைந்திருந்த நட்டுகள்: ஒரு சின்ன டிராக்டரின் பின் சக்கர அகலத்தைக் கூட்டியபோது

முன்னால் லோடர் மாட்டிய, நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன டிராக்டர் அது. லோடரோடு சேர்த்து 1200 கிலோ. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 1.6 மீட்டர், பின் டயர்கள் மையத்துக்கு மையம் 1100 மி.மீ. சரிவில் குறுக்காக ஓட்டும்போது மேட்டுப் பக்கத்துப் பின் சக்கரம் லேசாகிறது, சில இடங்களில் மண்ணை விட்டே எழும்புகிறது என்று பயந்துபோய், உரிமையாளர் பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் 75 மி.மீ. இரும்பு ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் (ஆக்சில் முனையில் சக்கரம் மாட்டும் தட்டு) சக்கரத்துக்கும் இடையே வைக்கும் தடித்த வளையம், போட வைத்திருந்தார். போட்டுக் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. அப்புறம் முன்னே போய் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் வலது பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடுதான் வண்டி என்னிடம் வந்தது.

“வெளியே நட்டெல்லாம் டைட்டாத்தாண்ணே இருக்கு, நானே ரெண்டு தடவ பாத்துட்டேன்” என்றார். அவர் சொன்னது சரிதான். டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ என்று காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பார்த்தேன், ஆறு நட்டும் அசையவில்லை. ஆனால் இந்த வகை ஸ்பேசரில் வெளியே தெரியும் நட்டுகள் பாதிக் கதைதான். ஸ்பேசரை முதலில் ஹப்பில் வைத்து ஹப்பின் சொந்த ஸ்டட்டில் (வெளியே நீட்டி நிற்கும் மரை போட்ட கம்பி) ஆறு நட்டு போட்டு இறுக்க வேண்டும், அது ஒரு இணைப்பு. பிறகு ஸ்பேசரின் வெளிமுகத்தில் இருக்கும் வேறு ஆறு ஸ்டட்டில் சக்கரத்தை மாட்டி இறுக்க வேண்டும், அது இரண்டாவது இணைப்பு. சக்கரம் மாட்டியதும் முதல் இணைப்பின் நட்டுகள் உள்ளே மறைந்துவிடும். ஸ்பேனர் போகாது, கண்ணுக்கும் தெரியாது, சக்கரத்தைக் கழற்றினால்தான் உண்டு. எங்கே தளர்ந்தால் ஆபத்தோ அந்த இடம்தான் எட்டாத இடமாக இருக்கிறது. இதை வாங்குகிறவருக்கு யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்த வண்டி என்னிடம் வந்தே இருக்காது.

திறந்தபோது இருந்த நிலை

சக்கரத்தைக் கழற்றிய உடனே தெரிந்துவிட்டது. உள் நட்டுகள் ஆறில் மூன்றைக் கையாலேயே திருக முடிந்தது. இரண்டு ஓரளவு பிடித்திருந்தன. ஒன்றை ஸ்பேனர் வைத்துத் தொட்டதுமே நட்டோடு சேர்ந்து ஸ்டட்டின் முன்பாதி கையில் வந்துவிட்டது. எப்போதோ அறுந்து, ஸ்பேசரின் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அறுந்த முகத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, மரத்தை வெட்டினால் தெரியும் வளையங்களைப் போல வரிவரியாக முக்கால் பங்கு தூரம் வரை வழவழப்பு, மீதிக் கால் பங்கு மட்டும் சொரசொரப்பு. ஒரே அடியில் அறுந்த ஸ்டட் இப்படி இருக்காது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து, விரிசல் மெல்ல மெல்ல உள்ளே நடந்திருக்கிறது. கடைசியில் மிஞ்சியிருந்த இரும்பு சுமை தாங்காமல் விட்டுவிட்டது. களைப்பு முறிவு என்று புத்தகத்தில் சொல்வது இதைத்தான்.

ஸ்பேசரை எடுத்ததும் ஹப்பின் முகத்தில் செம்பழுப்பு நிறத்தில் மாவு மாதிரித் தூள். இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றோடொன்று அரைபட்டால் உதிரும் துரு அது. ஸ்பேசரின் ஓட்டைகள் இரண்டு லேசாக நீள்வட்டமாகியிருந்தன. அந்த இடைவெளிக்குள் ஸ்பேசர் முன்னும் பின்னும் நகர்ந்து மோதியதுதான் ‘டக்’.

இடது பக்கம் நட்டுகள் தளர்ந்திருந்தாலும் எதுவும் அறுபடவில்லை. காரணம் இரு பக்கமும் ஒன்றேதான், வலது பக்கம் கொஞ்சம் முந்திக்கொண்டது.

காரணம் பெயின்ட்

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் நினைப்பது போல ஸ்டட்டுகள் சக்கரத்தை ‘தாங்கி’ நிற்பதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் பேண்ட் போல இழுபடுகிறது. அந்த இழுவிசை ஹப்பையும் ஸ்பேசரையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது, அழுத்தப்பட்ட இரண்டு முகங்களுக்கும் இடையே உள்ள உராய்வுதான் எஞ்சினின் முறுக்கைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. அழுத்தம் இருக்கும் வரை ஸ்டட்டுக்குக் குறுக்கே கிட்டத்தட்ட விசையே வராது. அழுத்தம் போன நிமிடத்திலிருந்து அத்தனை அடியும் ஸ்டட்டின் இடுப்பில்தான் விழும்.

எண்ணில் பார்ப்போம். இந்த வண்டியில் 16 மி.மீ. ஸ்டட், கையேட்டில் சொன்ன இறுக்கம் 200 நியூட்டன் மீட்டர். உலர்ந்த திரெட்டில் (மரையில்) அந்த அளவுக்கு இறுக்கினால் ஒரு ஸ்டட்டுக்குச் சுமார் 62 கிலோநியூட்டன், அதாவது 6 டன்னுக்கு மேல் இழுவிசை வரும். ஆறு ஸ்டட்டுக்கு 37 டன்னைத் தாண்டும். ஸ்டட்டுகள் இருக்கும் வட்டத்தின் ஆரம் 76 மி.மீ., உராய்வுக் கெழுவைக் குறைத்தே 0.15 என்று வைத்தாலும் அந்த இணைப்பு 4200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வழுக்காமல் முறுக்கைக் கடத்தும். சக்கரத்துக்கு எவ்வளவு தேவை? பின்னால் ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் உழும் கருவி) தூக்கியிருக்கும்போது ஒரு பின் சக்கரத்தில் 600 கிலோ, டயரின் ஆரம் அரை மீட்டர், மண்பிடி 0.8 என்றால் சுமார் 2350. போதுமான தாராளம் இருக்கிறது. இப்போது இழுவிசை பாதியாகி, முகங்களுக்கு இடையே பெயின்ட் இருப்பதால் உராய்வும் 0.1-க்கு இறங்கினால்? 1400-தான் மிஞ்சும். வழுக்காமல் என்ன செய்யும்?

சரி, இழுவிசை எப்படிப் பாதியாகும்? நட்டு ஒரு இழைகூடப் பின்னால் சுழல வேண்டியதில்லை. இந்த ஸ்டட்டில் இழுபடும் நீளம் சுமார் 40 மி.மீ.தான். 62 கிலோநியூட்டனுக்கு அது நீள்வது வெறும் 0.07 மி.மீ. மொத்த இறுக்கமும் அந்த நீட்சிக்குள்தான் இருக்கிறது. இந்த ஸ்பேசருக்கோ எல்லா முகத்திலும் பவுடர் கோட்டிங் (பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பெயின்ட்) அடித்திருந்தார்கள். அந்தப் பூச்சு ஒரு அடுக்கே 0.06-லிருந்து 0.1 மி.மீ. வரை இருக்கும். ஹப்பின் முகத்தில் கம்பெனி பெயின்ட் ஒரு அடுக்கு, ஸ்பேசரின் பின்முகத்தில் ஒன்று, நட்டு உட்காரும் குழியின் அடியில் இன்னொன்று. வண்டி ஓடி, ஹப் சூடாகி, அதிர்ந்து, இந்த அடுக்குகள் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கினால் போதும், 0.03 மி.மீ. போனாலே இறுக்கத்தில் பாதிக்கு அருகில் போய்விட்டது. அதனால்தான் திரெட்டில் பசை போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பசை நட்டு சுழலாமல் தடுக்கும், நசுங்கின பெயின்ட்டை அதனால் திருப்பித் தர முடியாது.

முதலில் பொருத்திய பட்டறை இந்தப் பூச்சைச் சுரண்டவில்லை, சில மணி நேரம் ஓட்டியபின் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்றும் உரிமையாளரிடம் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால்கூட ஸ்டட் பிழைத்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஸ்பேசர் தேவைதானா?

மறுபடி போடுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். ரிம்மை இடம் வலம் மாற்றிப் போட்டாலே பல வண்டிகளில் அகலம் கூடிவிடும். சக்கரத்தின் நடுத்தட்டான டிஸ்க்கின் குழிவு உள்பக்கம் பார்த்திருப்பது வெளிப்பக்கம் திரும்பும், செலவே இல்லை. ஆனால் சக்கரத்தை அதே பக்கத்தில் திருப்பி மாட்டக் கூடாது, டயரின் கட்டைகள் தலைகீழாகிவிடும், இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் கொண்டுபோக வேண்டும். இந்த வண்டியில் அது ஏற்கெனவே அகலமான நிலையில்தான் இருந்தது. ரிம்மும் டிஸ்க்கும் சேர்த்து வெல்டு செய்தது என்பதால் வேறு துளைக்கு மாற்றவும் வழியில்லை. ஆக ஸ்பேசர்தான்.

அது எவ்வளவு தரும்? முன்பின் ஆக்சில்களைத் தனித்தனியாக எடைமேடையில் ஏற்றியதில் பின்னால் 745 கிலோ. ஈர்ப்பு மையம் பின் ஆக்சிலிலிருந்து முன்னோக்கி வீல்பேஸில் (இரண்டு ஆக்சில்களுக்கும் இடையிலான தூரத்தில்) 38 சதவீதத்தில் இருக்கிறது என்று அதிலிருந்து வந்துவிடும். முன்பக்கத்தைத் தெரிந்த உயரத்துக்குத் தூக்கி வைத்துப் பின்னெடையை மறுபடி பார்த்தால் மையத்தின் உயரமும் கணக்கில் கிடைக்கும், சுமார் 650 மி.மீ. வந்தது.

இங்கே டிராக்டரைக் காரைப் போல நினைத்தால் கணக்கு தப்பாகும். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் (இரும்பு முளையில்) தொங்குகிறது, இரு பக்கமும் ஆடும். ஆகவே வண்டி கவிழத் தொடங்குவது நான்கு டயர்களின் சதுரத்தின் விளிம்பில் இல்லை. பள்ளத்துப் பக்கப் பின் டயர் தரையைத் தொடும் இடத்தையும் முன் ஆக்சிலின் நடுப் பின்னையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் உருளும். முக்கோணம் அது. முன்னே போகப் போக ஒடுங்கும். முன் சக்கரத்துக்கு ஸ்பேசர் போட்டால் இதனால்தான் பெரிய பயன் இல்லை, ஆக்சில் ஆடி அதன் தடுப்பில் முட்டிய பிறகுதான் முன் டயரின் அகலம் வேலைக்கே வரும். அதோடு முன்னால் போட்டால் ஸ்டியரிங்கில் உதைப்பும் கூடும்.

இந்த வண்டிக்கு அந்த முக்கோணத்தை வைத்துப் போட்ட கணக்கு: ஸ்பேசர் இல்லாமல் நின்ற நிலையில் கவிழும் கோணம் சுமார் 33 டிகிரி. இரு பக்கமும் 75 மி.மீ. கூட்டினால் 37-க்குக் கொஞ்சம் கீழே. கூடியது மூன்றரை டிகிரி. பின் டயர்களில் ஆளுக்கு 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் மட்டும்? மையம் இறங்குகிறது, பின்னால் அகலமான பக்கத்துக்கும் நகர்கிறது, கோணம் 36.5. கிட்டத்தட்ட ஸ்பேசருக்குச் சமம்! கூடவே அந்தத் தண்ணீரின் எடை டயர் வழியாக நேரே தரைக்குப் போகிறது, பேரிங்குக்குச் சுமை இல்லை. இரண்டையும் சேர்த்தால் 40.

இப்போது லோடரைப் பாருங்கள். ஸ்பேசரும் தண்ணீரும் இல்லாத அதே வண்டியில், பக்கெட்டில் 250 கிலோ மண்ணை 2 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் மையம் முன்னாலும் மேலேயும் போய் கோணம் 17 டிகிரிக்கு விழுந்துவிடுகிறது. ஸ்பேசர் போட்டிருந்தால் 19. அதே சுமையைத் தரையை ஒட்டி வைத்திருந்தால் ஸ்பேசர் இல்லாமலே 28. பக்கெட்டைத் தாழ்த்துவதால் கிடைக்கும் 11 டிகிரிக்கு முன்னால் ஸ்பேசர் தரும் இரண்டு டிகிரி எங்கே? இதெல்லாம் அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஓடும்போது பள்ளத்துப் பக்க டயர் ஒரு குழியில் இறங்கி மேட்டுப் பக்க டயர் ஒரு கல்லில் ஏறினால் அந்த நொடியிலேயே பல டிகிரி காலி. இந்தக் கோணங்களை ஓட்டக்கூடிய சரிவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்கு வெகு கீழேயே நிற்க வேண்டும், ரோல் பார் (கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்பு வளைவு) நிமிர்ந்திருக்க வேண்டும், பெல்ட் போட்டிருக்க வேண்டும்.

உரிமையாளரிடம் இந்த எண்களைக் காட்டித்தான் பேசினேன். தண்ணீரும் ஸ்பேசரும் சேர்த்துப் போடுவது, சரிவில் பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கவே கூடாது என்று முடிவானது.

மறுபடி பொருத்தியது

ஓட்டை நீண்டுபோன ஸ்பேசரைத் திரும்பப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை. புது ஜோடி வாங்கினோம், ஹப்பின் நடு மேட்டில் பொருந்தி உட்காரும் வகையாகப் பார்த்து. ஸ்டட்டும் அறுந்ததை மட்டும் மாற்றவில்லை, இரண்டு ஹப்பிலும் பன்னிரண்டையும் மாற்றினோம், 10.9 என்ற வலிமைத் தரத்தில். தளர்ந்த இணைப்பில் ஓடிய மற்ற ஸ்டட்டுகளுக்குள்ளும் விரிசல் தொடங்கியிருக்கலாம், வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஜாக்கி வைப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு, இதை விட்டுவிட்டுச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். பின்பக்கத்தைத் தூக்கியதும் வண்டி முன் ஆக்சிலின் அந்த ஒற்றைப் பின்னில்தான் நிற்கும், பக்கவாட்டில் சாய எதுவும் தடையில்லை. முன் ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும் கட்டை ஆப்பு அடித்து ஆட்டத்தை நிறுத்திய பிறகுதான் ஜாக்கி. தூக்கியதும் ஆக்சில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு. லோடர் தரையில்.

அப்புறம் சுரண்டல். ஹப்பின் முகத்தில் பெயின்ட்டைக் கம்பி பிரஷ்ஷில் எடுத்து, நேர்க்கோட்டுப் பட்டையை வைத்துப் பார்த்தால் வலது ஹப்பில் ஒரு ஸ்டட் ஓட்டையைச் சுற்றி மெல்லிய உதடு மாதிரி இரும்பு எழும்பியிருந்தது, விரல் நகம் தட்டுப்படும் அளவுக்கு. ஸ்டட் இழுபட்டதில் வந்தது. ஸ்பேசரை நட்டு இல்லாமல் சும்மா வைத்துப் பார்த்தபோது எதிர்ப்பக்கம் 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக உள்ளே போனது. அதை அப்படியே வைத்து இறுக்கியிருந்தால் அந்த உதடு நாளடைவில் நசுங்கி, பழைய கதைதான். தட்டை அரத்தால் தேய்த்து, முகத்தில் நீல மை தடவி ஸ்பேசரை வைத்து எடுத்து, மை எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, முழு வளையமும் ஒட்டும் வரை. புது ஸ்பேசரின் இரண்டு முகங்களிலும் நட்டுக் குழிகளின் அடியிலும் பூச்சை முழுக்க எடுத்தோம். துரு பிடிக்காதா என்றால், வெளிவிளிம்பில் பெயின்ட் அடித்தால் போதும், அழுத்தப்படும் முகத்தில் எதுவும் வேண்டாம்.

திரெட்டில் எண்ணெயோ கிரீஸோ போடவில்லை, கையேட்டின் 200 உலர்ந்த திரெட்டுக்குச் சொன்னது. கிரீஸ் இருந்தால் அதே டார்க்குக்கு ஸ்டட் இன்னும் கூடுதலாக இழுபடும். நட்டின் வடிவமும் பார்க்க வேண்டியது, கூம்பு நட்டுக்குக் கூம்புக் குழி, தட்டை நட்டுக்குத் தட்டைக் குழி, மாற்றிப் போட்டால் ஓரத்தில் மட்டும்தான் உட்காரும். எதிரெதிராக, மூன்று கட்டமாக, முதலில் 80, பிறகு 150, கடைசியில் 200. ஒவ்வொரு நட்டிலிருந்தும் ஸ்பேசர் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு.

முதல் ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். உள் நட்டுகளில் இரண்டு மட்டும் மயிரிழை நகர்ந்து 200-ல் கிளிக் ஆனது. பத்து மணி நேரம் ஓடியபின் மறுபடி, எதுவும் நகரவில்லை. ஐம்பதில் பார்த்தபோதும் அப்படியே. ஹப்பின் விளிம்பில் செந்தூள் இல்லை. தண்ணீர் நிரப்பிய சக்கரத்தை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது கஷ்டம்தான், அதனால் சக்கரம் உட்காரும் தள்ளுவண்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தண்ணீரை வால்வை உச்சியில் வைத்து வால்வு மட்டம் வரைதான் நிரப்ப வேண்டும், மேலே காற்று இருக்க வேண்டும். உறைபனி விழும் இடமென்றால் வெறும் தண்ணீர் ஆகாது.

அகலம் கூடியதால் வந்த மற்றவை

டயர் 280 மி.மீ. அகலம், அதனால் வெளி ஓரம் முன்பு 1380, இப்போது 1530. ரோட்டவேட்டர் 1500. முன்பு இரு பக்கமும் டயர் தடத்தை மூடி உழுதது, இப்போது தடத்தின் ஓரம் இரு பக்கமும் 15 மி.மீ. வெளியே நிற்கிறது. ரோட்டவேட்டரை ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டி, அந்தப் பக்கத் தடத்தையாவது மூடும்படி செய்தோம். மறுபக்கத் தடம் அடுத்த சாலில் மறைந்துவிடும். பக்கெட் 1400-தான், ஓட்டுகிறவரின் கண் பழக்கம் பக்கெட் நுழைந்தால் வண்டி நுழையும் என்பது, இப்போது பின் டயர் பக்கெட்டைவிட ஒவ்வொரு பக்கமும் 65 மி.மீ. வெளியே. கேட் தூணில் முதலில் உரசப்போவது டயர்தான். மட்கார்டுக்கு வெளியே டயர் வந்திருப்பதால் சேறும் கல்லும் சீட் பக்கம் தெறிக்கிறது, ரப்பர் பட்டை ஒன்று நீட்டி மாட்டினோம். நான்கு சக்கர இழுவையின் முன்பின் விகிதத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, டயரின் சுற்றளவு மாறவில்லையே.

பேரிங்குக்குப் பாதிப்பு உண்டு. 600 கிலோ சுமை 75 மி.மீ. வெளியே நகர்ந்ததால் ஆக்சிலின் முனையில் வளைக்கும் திருப்பம் சுமார் 440 நியூட்டன் மீட்டர் கூடியிருக்கிறது, மேடு பள்ளத்தில் அடிபடும்போது இன்னும் மேலே. வெளிப்பக்கப் பேரிங்கின் ஆயில் சீலில் கசிவு தெரிகிறதா என்று ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி தளர்வான ஆட்டம் இருக்கிறதா என்றும்.

எல்லாம் முடிந்து வண்டி நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டு 100 மி.மீ. போட்டால் இன்னும் நல்லதில்லையா என்று உரிமையாளர் கேட்டார். கணக்குப்படி கூடுதலாக ஒரு டிகிரி சொச்சம் கிடைக்கும். பேரிங்கின் கூடுதல் திருப்பமோ 590 நியூட்டன் மீட்டருக்குப் போய்விடும். இந்த வண்டியின் கையேட்டில் பின் சக்கர இடைவெளிக்கு மேல் எல்லை என்று கொடுத்திருப்பது 1250 மி.மீ., அது இப்போது சரியாக அங்கேதான் நிற்கிறது. அதைத் தாண்டிப் போட்டுத் தர மாட்டேன் என்றேன், அவரும் ஒத்துக்கொண்டார். அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றுவது நூறு மணி நேரம் ஓடியபின், ஆயில் மாற்ற வரும்போது.